இரட்டைக்கால் படகும் எதிர்காற்றும்: வாசகர் கேள்விகள்

சிறிய டனல் ஹல் பந்தயப் படகுகளைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். பதில்களில் அடிக்கடி வரும் நான்கு சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படகின் இரு பக்கமும் கால்போல நீண்டு தண்ணீரில் படியும் பகுதி ஸ்பான்சன். இரண்டு ஸ்பான்சன்களுக்கும் நடுவே காற்று நுழைந்து போகும் வழிதான் டனல். எஞ்சினைத் தாங்கி நிற்கும் பின்பக்கப் பலகை டிரான்சம். அதில் எஞ்சினைச் சாய்த்து வைக்கும் கோணம் டிரிம்: உள்ளே இழுத்தால் படகின் மூக்கு இறங்கும், வெளியே தள்ளினால் ஏறும்.

கேள்வி: 2018 நவம்பரில் விஜயவாடா பக்கம் கிருஷ்ணா ஆற்றில் நடந்த எஃப்1 படகுப் பந்தயத்தைப் பார்த்தேன். படகுகள் தண்ணீரைத் தொடாமலே போவதுபோல் இருந்தது. இவ்வளவு வேகமும், திடீரென்று மல்லாந்து விழும் ஆபத்தும் ஒரே படகில் எப்படி? (சென்னை வாசகர்)

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இந்தப் படகைத் தூக்குவதில் பாதி வேலை தண்ணீருடையது, மீதி காற்றுடையது. டனலுக்குள் புகும் காற்று மேல்தளத்தை அடியிலிருந்து தாங்குகிறது. அந்த அளவுக்கு ஸ்பான்சன் மேலே வரும், தண்ணீர் உராய்வு குறையும், வேகம் கூடும். இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் மொலினாரி குடும்பத்தின் படகுப் பட்டறையில் உருப்பெற்று வளர்ந்த வடிவம் இது. அந்தக் குடும்பத்தின் ரெனாடோ மொலினாரி 1981, 1983, 1984 ஆண்டுகளில் எஃப்1 உலகப் பட்டத்தை வென்றார்.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், காற்றின் தூக்கு விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதில். 60 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, தூக்கு 2.25 மடங்கு. இதில் கணக்கு வைக்க வேண்டியது தண்ணீர்மேல் ஓடும் வேகத்தை அல்ல, காற்றுக்கு எதிரான வேகத்தை. படகு 90-இல் ஓடுகிறது, 20 கி.மீ. காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று முதுகில் அடிக்கும் பக்கம் படகுக்குக் கிடைப்பது 70. பந்தயத் திருப்பத்தைக் காட்டும் மிதவையைச் சுற்றி எதிர்ப்பக்கம் திரும்பியதும் 110. ஸ்பீடோமீட்டரில் இரண்டு பக்கமும் ஒரே 90தான், ஆனால் தூக்கு கிட்டத்தட்ட இரண்டரை மடங்காகிவிட்டது. பின்காற்றில் சுகமாக ஓடிய டிரிம்மை மாற்றாமல் அப்படியே எதிர்காற்றுப் பக்கம் கொண்டுவருகிறவர்தான் மல்லாந்து போகிறார்.

தகரத் தகட்டைத் தலைமேல் பிடித்தபடி எதிர்காற்றில் சைக்கிளில் போனவர்களுக்கு இது புரியும். முன்விளிம்பு ஒரு விரல் உயர்ந்தால் போதும், அதற்குமேல் தகட்டைக் காற்றே பிடுங்கிக்கொள்ளும். இந்தப் படகுக்கும் விமானத்துக்கு இருப்பதுபோல் மூக்கைத் திரும்ப இறக்கிவிடும் வால் கிடையாது. மூக்கு ஏறினால் கோணம் கூடும், கோணம் கூடினால் தூக்கு கூடும். இதை நிறுத்த ஒரே வழி, ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான்.

கேள்வி: 4 மீட்டர் நீளமுள்ள பழைய பிளைவுட் டனல் படகு ஒன்று விலைக்கு வருகிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? (நார்விச், இங்கிலாந்து வாசகர்)

பெயின்டைப் பார்க்காதீர்கள். படகைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். கவிழ்க்க முடியாது என்றால் டிரெய்லரோடு மேடேற்றி, கீழே படுத்தாவது பார்க்க வேண்டும்.

1.5 மீட்டர் நேரான அலுமினிய மட்டப்பலகை ஒன்றும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜும் கொண்டுபோங்கள். பலகையை ஸ்பான்சன் அடியில், டிரான்சத்திலிருந்து முன்னோக்கி நீளவாட்டில் ஒட்டிப் பிடியுங்கள். வேகத்தில் இந்தப் படகு நிற்பது கடைசி 1.2 மீட்டர் அடிப்பரப்பில்தான். அங்கே பலகை முழு நீளமும் ஒட்ட வேண்டும். இரண்டு முனையும் ஒட்டி நடுவில் இடைவெளி தெரிந்தால், அடிப்பரப்பின் பின்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. ‘ஹுக்’ என்பார்கள். அது மூக்கை அழுத்திப் பிடிக்கும், வேகத்தைத் தின்னும். நடு ஒட்டிப் பலகை முன்னும் பின்னும் ஆடினால் ‘ராக்கர்’. அந்தப் படகு குதிரைபோல் குதித்துக்கொண்டே இருக்கும். டிரிம் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது. 1 மி.மீ. வரை அரத்தாளும் ஃபில்லரும் வைத்துச் சரிசெய்துவிடலாம். 2 மி.மீட்டருக்கு மேல் என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், காரணத்தையும் தேடுங்கள். காரணம் பல சமயம் டிரெய்லரிலேயே இருக்கும். தாங்குகட்டை டிரான்சம்வரை எட்டாமல் ஒரு சாண் முன்னாலேயே முடிந்திருந்தால், எஞ்சின் பாரம் தாங்காமல் அடி அந்த இடத்தில் வளைந்துபோகும்.

அடுத்து முறுக்கு. இரண்டு நேரான கட்டைகளை எடுத்து, ஒன்றை டிரான்சம் ஓரத்திலும் இன்னொன்றை 1 மீட்டர் முன்னாலும் இரு ஸ்பான்சன்மேல் குறுக்கே வையுங்கள். பின்னால் குனிந்து ஒரு கண்ணால் பார்த்தால் இரண்டு கட்டைகளின் விளிம்பும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஏறி இறங்கினால் படகு முறுக்கிக்கொண்டிருக்கிறது. அது எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடும். இந்தப் பழுதுக்கு மலிவான மருந்து கிடையாது, விட்டுவிடுங்கள்.

பின்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அடிப்பரப்பு டிரான்சத்தைச் சந்திக்கும் மூலை கத்திமுனைபோல் கூர்மையாக இருக்க வேண்டும். பெயின்ட் பூசிப்பூசி உருண்டையாகியிருந்தால், தண்ணீர் அங்கே பிரியாமல் டிரான்சத்தில் ஒட்டி ஏறும். இதைச் சரிசெய்வது ஒரு மாலை வேலை, செலவும் குறைவு.

பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் டிரான்சத்தையும், ஸ்பான்சன் டனல் கூரையோடு சேரும் உள்மூலைகளையும் ஓர் அங்குலம் விடாமல் தட்டுங்கள். ‘டிங்’ என்று இறுக்கமாகக் கேட்டால் நல்ல மரம். ‘தொப்’ என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே ஊறியிருக்கிறது. எஞ்சின் போல்ட் துளைகளைச் சுற்றித்தான் முதலில் ஊறும். ஒரு போல்ட்டைக் கழற்றித் துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். கறுத்த நாரும் ஈரமும் வந்தால் டிரான்சத்தையே மாற்ற வேண்டும். கடைசியில் படகை எடைபோடச் சொல்லுங்கள். மிதப்புக்கு வைத்த ஃபோம் 10 லிட்டர் தண்ணீர் குடித்திருந்தால் 10 கிலோ. அந்த எடை பெரும்பாலும் பின்னால்தான் போய்ச் சேரும், பந்தயத்தில் அதன் விளைவு நன்றாகத் தெரியும்.

எஞ்சின் விஷயத்தில் இரண்டே சோதனை. சிலிண்டர்களுக்குள் கம்ப்ரெஷன் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கேள்வி: எஞ்சினை உயர்த்தினால் வேகம் கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு உயர்த்துவது, எங்கே நிறுத்துவது? (டொரொண்டோ வாசகர்)

எஞ்சின் உயரத்தை டிரான்சத்திலிருந்து அளக்கக் கூடாது. படகின் அடியிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மையம் எவ்வளவு கீழே நிற்கிறது என்பதே நமக்கு வேண்டிய அளவு. படகைத் தாங்கியில் ஏற்றி ரசமட்டம் வைத்து அடிப்பரப்பை மட்டமாக்குங்கள். ஷாஃப்ட் அடிப்பரப்புக்கு இணையாக வரும்வரை டிரிம்மை நகர்த்துங்கள். இதுதான் உங்கள் பூஜ்ய டிரிம், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மட்டப்பலகையை ஸ்பான்சன் அடியில் ஒட்டிப் பின்பக்கமாக நீட்டி, அதிலிருந்து ஷாஃப்ட் மையம்வரை அளந்துகொள்ளுங்கள். டிரிம் மாறினால் இந்த அளவும் மாறும் என்பதால் எப்போதும் அதே கோட்டில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

கியர்கேஸின் (எஞ்சினின் அடியில், புரொப்பெல்லரைத் தாங்கும் கூடு) பக்கவாட்டில் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் உள்ள சாதாரண எஞ்சின் என்றால், ஷாஃப்ட் அடிப்பரப்புக்கு 75 மி.மீ. கீழே இருக்கும்படி தொடங்குங்கள். மூக்குக்கூம்பின் அடியிலேயே தண்ணீர் உறிஞ்சும் கியர்கேஸ் என்றால் 25 மி.மீ. கீழே தொடங்கலாம். ஒவ்வொரு முறையும் 6 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். அந்த நேரத்தில் புரொப்பெல்லர், பெட்ரோல் அளவு, இருக்கை எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு உயரத்திலும் இரு திசையிலும் ஓட்டி ஜி.பி.எஸ். வேகம், ஆர்.பி.எம்., குளிர்நீர் அழுத்தம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு திசை மட்டும் ஓட்டினால் காற்று உங்களை ஏமாற்றிவிடும்.

நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள் மூன்று. அழுத்தமானி முள் நிலையாக நிற்காமல் நடுங்கும். அல்லது ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. அல்லது வளைவில் புரொப்பெல்லர் திடீரென்று பிடியை விட்டு எஞ்சின் அலறும். மூன்றில் எது முதலில் வந்தாலும் 6 மி.மீ. இறக்கிவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். முள் நடுங்குவதைப் பொருட்படுத்தாமல் ஒரு சுற்று கூட ஓட்டாதீர்கள். தண்ணீர் போகாத எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரைக் கடித்துப் பிடிக்கச் சில நொடிகள் போதும். அழுத்தமானி இல்லாமல் எஞ்சினை உயர்த்தவே கூடாது.

உயரம் கூடக்கூட ஸ்டியரிங் வலது பக்கம் இழுக்கும். வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லரின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டால், கீழ்பாதி மட்டும் தண்ணீரை இடப்பக்கம் தள்ளுவதுதான் காரணம். கேபிளில் ஒரு விரல் அகலம் தளர்ச்சி இருந்தாலும் நேர்க்கோட்டில் படகு தலையாட்டத் தொடங்கும். எனவே உயர்த்தும் வேலைக்கு முன்பே கேபிள், கப்பி, எஞ்சின் பிடிப்பு போல்ட் எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

கேள்வி: 60 குதிரைத்திறன் எஞ்சின். எந்தப் பிட்ச் புரொப்பெல்லர் வாங்குவது? (அதே வாசகர்)

முதலில் இப்போதிருப்பது என்ன செய்கிறது என்று கணக்குப் போடுங்கள். 18 அங்குலப் பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 45.7 செ.மீ. முன்னேற வேண்டும். எஞ்சின் 6000 ஆர்.பி.எம்., கியர் விகிதம் 2 என்றால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 3000 சுற்று. மணிக்கு 1,80,000 சுற்று, அதாவது 82.3 கி.மீ. ஜி.பி.எஸ். காட்டுவது 72 என்றால் நழுவல் 12.5 சதவீதம். நன்றாக அமைந்த சிறிய டனல் படகுக்கு 10 சதவீதத்தை ஒட்டி வந்தால் திருப்திப்படலாம். 20-க்கு மேல் என்றால் புதிய புரொப்பெல்லரில் பணம் போடாதீர்கள். குறை எஞ்சின் உயரத்திலோ, அடிப்பரப்பிலோ, வளைந்த இறகிலோ இருக்கிறது.

நழுவல் சரி, ஆனால் எஞ்சின் தன் உச்ச ஆர்.பி.எம். வரம்பை எட்டவில்லை என்றால்தான் பிட்ச்சைக் குறைக்க வேண்டும். ஓர் அங்குலத்துக்குச் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். கூடும். வரம்பைத் தாண்டினால் கூட்டுங்கள். அலுமினியம் வேண்டாம். பாதி வெளியே சுற்றும்போது ஒவ்வொரு இறகும் தண்ணீரை அறைந்துகொண்டு நுழைகிறது. அலுமினிய இறகு அந்த அடியில் வளைந்து பிட்ச் மாறிவிடும். எஃகில் இரண்டு சாதி உண்டு. பின்விளிம்பு நேராக வெட்டப்பட்ட ‘கிளீவர்’ படகின் பின்பக்கத்தைத் தூக்கும். இறகின் விளிம்பு வட்டமாக உள்ள ‘வட்டக் காது’ மூக்கைத் தூக்கும். டனல் படகின் மூக்கைக் காற்றே தூக்கிக்கொள்வதால் கிளீவர்தான் பொருத்தம். அடிக்கடி மூக்கு ஏறுகிறது என்று புகார் சொல்பவர் வட்டக் காதுப் புரொப்பெல்லரை மாட்டியிருந்தால், முதலில் அதைக் கழற்றுங்கள்.

கேள்வி: நேரில் நன்றாக ஓடுகிறது. மிதவையைச் சுற்றும்போது சில சமயம் படகு சட்டென்று உள்பக்கம் கொக்கிபோல் மடங்கிச் சுழல்கிறது. ஏன்? (பர்மிங்ஹாம் வாசகர்)

வளைவுக்குள் வந்தபிறகு பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுக்கிறீர்கள். அதுதான் காரணம். வேகம் விழுந்ததும் டனலின் காற்று மெத்தை காணாமல் போகும், மூக்கு இறங்கும், உள்பக்க ஸ்பான்சனின் முன்முனை தண்ணீரில் குத்தும். அந்த முனை அச்சாணியாகிப் படகு அதைச் சுற்றிச் சுழன்றுவிடும். இன்னும் மோசமான நாளில் வெளிப்பக்கம் உருண்டுவிடும்.

வேகத்தை வளைவுக்கு முன்பே, நேர்க்கோட்டில் குறைக்க வேண்டும். திரும்புவதற்கு முன் டிரிம்மைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள். மூக்கு ஒரு கை இறங்கினால் போதும். பின்பு ஸ்டியரிங்கை ஒரே சீராக ஒரு முறை திருப்பி அங்கேயே பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரை வளைவு முழுக்க ஒரே அழுத்தத்தில் வைத்திருங்கள். திருத்தித் திருத்தி ஓட்டினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு ஸ்பான்சன் புதைந்து எழும். வெளியே வரும்போது ஸ்டியரிங் நேரான பிறகுதான் டிரிம்மை வெளியே தள்ள வேண்டும். அடுத்த நேர்க்கோட்டில் எதிர்காற்று என்றால் பாதி மட்டும் தள்ளுங்கள்.

மூக்கு அடிவானத்தை மறைக்கும் அளவுக்கு எழுந்துவிட்டால் டிரிம் பொத்தானைத் தேடாதீர்கள். அந்த மோட்டார் அவ்வளவு வேகமாக நகராது. அங்கே மட்டும் காலை உடனே எடுங்கள்.

நேர்க்கோட்டிலேயே மெதுவாகக் குதிக்கிறது என்றால் கதை வேறு. டிரிம்மை உள்ளே இழுத்தும் நிற்கவில்லையென்றால் எடைமையத்தைப் பாருங்கள். எஞ்சின், பாதி பெட்ரோல், ஓட்டுபவர் எடைக்கு மணல்மூட்டை எல்லாம் ஏற்றி, அடியில் ஓர் இரும்புக்குழாயை உருட்டி, படகு எந்த இடத்தில் தராசுபோல் நிற்கிறது என்று குறியுங்கள். டிரான்சத்திலிருந்து படகு நீளத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே வர வேண்டும். அதற்குப் பின்னால் நின்றால் பெட்ரோல் தொட்டியையும் பேட்டரியையும் முன்னால் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் வள்ளத்தில் 40 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் எஞ்சின் இருக்கிறது. ஓய்வு நாளில் அதையே சின்ன டனல் படகில் மாட்டி ஓட்டலாமா? (தூத்துக்குடி வாசகர்)

மாட்ட வேண்டாம் என்றுதான் சொல்வோம். மீன்பிடி எஞ்சின்கள் பெரும்பாலும் 20 அங்குல நீளக்கால். சிறிய பந்தயப் படகுகளின் டிரான்சம் 15 அங்குலக் காலுக்குக் கட்டப்பட்டது. 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. கூடுதலாகக் கியர்கேஸ் தண்ணீருக்குள் தொங்கும். வளைவில் அந்தக் கால்தான் படகைத் தடுக்கிவிடும். டிரான்சத்தை உயர்த்திக் கட்டினால் பாரமும் உயரே போகும். மண்ணெண்ணெய்க்காகக் கம்ப்ரெஷன் குறைத்த எஞ்சின் அதே அளவு பெட்ரோல் எஞ்சினைவிட மந்தமாகவும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், கைப்பிடி பிடித்துப் பின்னால் உட்கார்ந்து டனல் படகை ஓட்டவே கூடாது. ஓட்டுபவரின் எடை முன்னால் வேண்டும். ஸ்டியரிங், கால் ஆக்ஸிலரேட்டர், மின் டிரிம் மூன்றும் இல்லாத எஞ்சின் இந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி: வரைபடம் கிடைத்திருக்கிறது. இங்கே கிடைக்கும் மரைன் பிளைவுட்டில் படகு கட்டலாமா? (கோவை வாசகர்)

மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 710 உள்ள பலகை தண்ணீர் தாங்கும், பசை பிரியாது. சிக்கல் எடை. வெளிநாட்டு வரைபடங்கள் ஒகுமே என்ற எடை குறைந்த ஆப்பிரிக்க மரத்தை நினைத்துப் போடப்பட்டவை. 8 அடிக்கு 4 அடி, 6 மி.மீ. ஒகுமே பலகை 8 அல்லது 9 கிலோ. நம் ஊரில் குர்ஜன் மரப் பலகை அதே அளவில் 12 கிலோவைத் தாண்டும். 6 பலகை செலவாகும் படகில் 20 கிலோ கூடிவிடும். அடிப்பரப்புக்கு மட்டும் 6 மி.மீ. வைத்து, மேல்தளத்துக்கு 4 மி.மீ. போட்டு, வெளியே மெல்லிய கண்ணாடித் துணியை எபாக்சியில் ஒட்டுங்கள். பாலியெஸ்டர் ரெசினை மரத்தின்மேல் பூசாதீர்கள். இரண்டு வருஷத்தில் உரிந்து அடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. இந்த விளையாட்டில் சேர ஆசைப்படுகிறாள். நேராக டனல் படகில் உட்கார வைக்கலாமா? (ஹாரோ, இங்கிலாந்து வாசகர்)

வேண்டாம். ஐரோப்பாவில் பிள்ளைகள் தொடங்குவது ஜிடி-15 பிரிவில். 15 குதிரைத்திறன் எஞ்சின், டனல் இல்லாத ஒற்றை அடிப் படகு. அடுத்தது ஜிடி-30. 60 குதிரைத்திறன் எஞ்சினும் டனலும் எஃப்-4 பிரிவில்தான் வருகின்றன. ஒற்றை அடிப் படகில் மிதவையைச் சுற்றவும், அடுத்தவர் கிளப்பிய அலையில் குறுக்கே போகவும் பழகிய கைதான் டனலில் நிதானமாக இருக்கும். கோடையில் வியாழன் மாலைகளில் லோஸ்டாஃப்ட் பக்கம் ஓல்டன் பிராடில் பந்தயம் நடக்கும். கரையோரப் பூங்காவிலிருந்தே பார்க்கலாம். ஒரு மாலை அழைத்துப் போங்கள்.

பின்னாளில் மூடிய காக்பிட் படகுக்கு வரும்போது தலைகீழ்ச் சோதனை ஒன்று இருக்கிறது. பெல்ட் கட்டிய இருக்கையோடு தண்ணீருக்குள் கவிழ்த்துவிடுவார்கள். பெல்ட்டை அவிழ்த்துத் தானே வெளியே வர வேண்டும். 1980-களில் கிறிஸ் ஹோட்ஜஸ் வடிவமைத்த பாதுகாப்புக் கூண்டு வருவதற்கு முன், ஓட்டுபவர் மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். விபத்தில் படகு சிதறினாலும் கூண்டு உடையாமல் நிற்பதால் இன்று பலர் நடந்து வெளியே வருகிறார்கள். அந்தக் கூண்டிலிருந்து வெளியேறத் தெரியாவிட்டால் அதனால் பயனில்லை. அதனால்தான் அந்தச் சோதனை.

இப்போதே பழக்க வேண்டியது ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிறு. எஞ்சினைத் தொடும் முன் கயிறு உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கரையை விடும் முன் எஞ்சினை இயக்கி, கயிற்றைச் சுண்டி இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கயிறு ஸ்டியரிங்கில் சுற்றிக்கொள்ளாமல், கீழே விழுந்தால் தடையில்லாமல் கழன்று வரும்படி ஓட வேண்டும். எட்டவில்லை என்று வேறு கயிறு முடிந்து நீளமாக்கக் கூடாது. நீளம் கூடினால், பிள்ளை படகுக்கு வெளியே போன பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.